டில்லிபாபு (எ) யாரோ: பாத்திரத்தை நம்பவைத்து, பிறகு ஆட்டிப்பார்ப்பது எப்படி?

கதையும் அதிலுள்ள ஆட்களும் எழுதிச் செய்யப்பட்டவைதான் என்று காட்டிக்கொண்டே சொல்லும் பின்நவீனத்துவக் கதையை எழுத உட்காருகிறவர்களில் பலர் முதல் பத்தியிலேயே தங்கள் பாத்திரத்தைக் காலி செய்துவிடுகிறார்கள். "இவன் வெறும் சொல், நான் எழுதுவதால் இருக்கிறான்" என்று இரண்டாம் வரியில் அறிவித்தாகிவிடுகிறது. வாசகருக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. முகம் பார்க்காத ஒருவன் இல்லாமல் போனால் யார் கவலைப்படப் போகிறார்கள்? ஆளை முதலில் நிறுத்த வேண்டும். எதையெல்லாம் வைத்து நிறுத்தினோமோ, அதையே வைத்துத்தான் அவனை ஆட்டவும், அதாவது அவன் இருக்கிறானா என்று சந்தேகப்படவைக்கவும் வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவந்து போடும் தத்துவ வாக்கியத்தால் எந்தப் பாத்திரமும் ஆடாது.

களம் வடசென்னை. உதாரணத்துக்குக் காசிமேடு துறைமுகத்தில் ஐஸ் உடைத்துப் படகில் ஏற்றும் டில்லிபாபு. கற்பனை ஆள்தான். கொருக்குப்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் பெயர் என்பதால் அந்தப் பெயர். கதை சுமார் 3000 சொல் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் அளவுகள் அதற்கானவை.

எதை ஆட்டுவது?

ஒரு பாத்திரம் ஐந்து விஷயங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது: பெயர், உடல், கடந்தகாலம், பேச்சு, எழுதுகிறவரோடு உள்ள உறவு. இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதை ஆட்டும்போது இன்னொன்று தானாகக் கொஞ்சம் அசையும், அது போதும். மூன்றைச் சேர்த்து ஆட்டினால் வாசகர் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது, கதையை மூடிவிடுவார். டில்லிபாபுவின் பெயரை ஆட்டுகிறீர்கள் என்றால், அவன் கையில் ஐஸ் பட்டு வெடித்த தோல் கடைசி வரி வரை அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் எழுதுவது பின்நவீனத்துவம்தானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. இலக்கியக் கோட்பாட்டாளர் பிரையன் மெக்ஹேல் 1987இல் வெளியான நூலில் வைத்த வேறுபாட்டை எழுத்துமேஜைக்குக் கொண்டுவரலாம். நவீனத்துவப் புனைவு 'இந்த ஆளை எப்படி அறிவது?' என்று கேட்கிறது. பின்நவீனத்துவப் புனைவு 'இது எந்த உலகம், இதில் இந்த ஆள் எப்படி இருக்கிறான்?' என்று கேட்கிறது. டில்லிபாபுவைப் பற்றி மனைவி ஒன்று சொல்கிறாள், கூட்டாளி வேறு சொல்கிறான், போலீஸ் மூன்றாவதாகச் சொல்கிறது என்றால் அது நவீனத்துவம். எங்கோ ஒரு உண்மையான டில்லிபாபு இருக்கிறான், நமக்குத்தான் பிடிபடவில்லை. மனைவியின் டில்லிபாபு 2004 டிசம்பர் 26 சுனாமியில் போனவன், கூட்டாளியின் டில்லிபாபு இன்று காலை ஐஸ் ஏற்றியவன், மனைவியும் கூட்டாளியும் ஒரே ரேஷன் கடை வரிசையில் நின்று சண்டையில்லாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் இரண்டாவது கேள்வி எழுந்துவிட்டது. முதல் வகை குறைந்ததல்ல. ஒன்றை எழுதிவிட்டு மற்றதாகச் சொல்லிக்கொள்வதுதான் பிரச்சினை.

முதல் ஆயிரம் சொல்: காகிதத்தில் நிறுத்துங்கள்

பழைய யதார்த்த நாவலில் கதைசொல்லி ஆளை வர்ணிப்பார்: உயரம், மூக்கு, வேட்டி, ஒரு பழக்கம், ஒரு ஆசை. அந்த வர்ணனையை நம்புவது ஒரு ஒப்பந்தம். பின்நவீனத்துவக் கதையில் ஆள் பெரும்பாலும் ஏற்கனவே எழுதப்பட்ட ஏதோ ஒன்றின் வழியாக உள்ளே வருகிறான். வடசென்னையில் அப்படி எழுதப்பட்ட காகிதத்துக்குப் பஞ்சமே இல்லை.

நான்கு ஆவணம் எழுதுங்கள், ஒவ்வொன்றும் 60 முதல் 80 சொல். முதலாவது குடும்ப அட்டை, அதில் 'தில்லிபாபு'. இரண்டாவது வாக்காளர் அட்டை, அதில் 'டெல்லி பாபு', இனிஷியலும் பின்னால் போயிருக்கும். முகவரியில் பழைய எண் 12, புதிய எண் 27. இரண்டு எண்ணுக்கும் தபால் வருகிறது. மூன்றாவது, போலீஸ் செய்திக்குறிப்பு: 'டில்லிபாபு (எ) ஐஸ் பாபு (எ) பாபு, வயது 34'. அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஒற்றை எழுத்து, ஒரு மனிதனை மூன்றாக்கிவிட்டு அலட்டிக்கொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. நான்காவது, தெருமுனை ஃபிளெக்ஸ்: கண்ணாடி போட்ட பெரிய படம், தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி, கீழே அஞ்சலி செலுத்துகிறவர்களின் சின்னச் சின்ன முகங்கள். இறந்தவரைவிட அவர்கள்தான் அதிக இடம் பிடித்திருப்பார்கள்.

இந்த நான்கும் இரண்டு விவரத்தில் ஒத்துப்போக வேண்டும், ஒன்றில் மட்டும் முரண்பட வேண்டும். குறைந்தது இரண்டு விவரம் ஒத்துப்போகாவிட்டால் வாசகர் இவை வேறு வேறு ஆட்கள் என்று முடிவுகட்டிவிடுவார். முரணே இல்லாவிட்டால் பின்னால் பிடித்து இழுக்க நூல் இருக்காது. ஆவணத்தின் நடை சுத்தமாக இருக்கட்டும். போலீஸ் குறிப்பில் கவித்துவம் எட்டிப்பார்த்தால் அந்தக் கணமே அது எழுத்தாளரின் குரலாகிவிடும்.

ஏன் காகிதம்? 'எஸ்/இசட்' என்ற 1970 நூலில் பிரெஞ்சு விமர்சகர் ரோலண்ட் பார்த் சொன்னதைச் சுருக்கினால், ஒரே பெயரின் மேல் சில குணக்குறிகள் திரும்பத் திரும்ப வந்து படியும்போது பாத்திரம் பிறக்கிறது. பெயர் என்பது ஒரு கூடுமிடம். அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் காஸும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான்: பாத்திரம் என்பது ஒரு ஒலி, அதைச் சுற்றி அடுக்கப்பட்ட சொற்கள். இதைப் புரிந்துகொள்ளப் பாரிசுக்குப் போக வேண்டியதில்லை, திருவொற்றியூர் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. பட்டினத்தார் பெயரில் உள்ள பாடல்கள் ஒருவரே எழுதியவை அல்ல, வெவ்வேறு நூற்றாண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பது இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. கும்பிடப் போகிறவர்களுக்கு அவர் ஒருவர்தான். இரண்டு தரப்பும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறது. உங்கள் கதையின் பெயரும் அப்படி வேலை செய்ய வேண்டும்.

கானா: இதைவிட நல்ல கருவி கிடைக்காது

சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடும் மரண கானா, பாத்திர உருவாக்கத்தை அப்பட்டமாகக் காட்டும் கலை. பாடுகிறவர் செத்தவரை உயிரோடு பார்த்திருக்க வேண்டியதில்லை. உறவுக்காரர்கள் பெயர், தொழில், பிள்ளைகள், எப்படி இறந்தார் என்று சொல்வார்கள். மெட்டும் பாதி அடிகளும் பாடுகிறவரிடம் தயாராக இருக்கும். விவரம் உள்ளே விழுந்ததும் ஒரு முழு மனிதன் எழுந்து உட்காருவான், பந்தலே அழும்.

டில்லிபாபுவுக்கு 12 அடியில் ஒரு கானா எழுதுங்கள், உங்கள் சொந்த அடிகளில். எட்டு அடி யாருக்கும் பொருந்தும்: அம்மா, நட்பு, கடன், திரும்பாத பயணம். நாலு அடி அவனுக்கு மட்டுமே உரியது: ஐஸ், வெடித்த கை, இரண்டு கதவு எண், ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் கேட்டு அழும் மகள். இதைக் கதையின் நடுவில், ஏறக்குறைய 1400ஆவது சொல்லில் வையுங்கள். பிறகு 2400ஐத் தாண்டியதும் வேறொரு தெருவில், வேறொருவர் சாவில், பொதுவான எட்டு அடியும் அப்படியே திரும்ப வரட்டும். கூடவே டில்லிபாபுவுக்கே உரியதென்று நினைத்த நாலு அடியில் ஒன்றும் வரட்டும். அந்த ஒன்றுதான் வாசகர்மேல் விழும் அடி. எட்டும் மட்டும் வந்தால் வாசகர் 'கானாவே அப்படித்தானே' என்று கடந்துவிடுவார். நாலும் வந்தால் தந்திரம் தெரிந்துவிடும். கதைசொல்லி இந்த இடத்தில் வாயைத் திறக்கவே கூடாது.

'வடசென்னை ஆள்' என்ற ரெடிமேட்

லுங்கி, கேரம் போர்டு, இடுப்பில் கத்தி, வாயைத் திறந்தால் 'இன்னா'. சினிமா செய்து வைத்திருக்கும் இந்த ஆள் வாசகர் மனதில் ஏற்கனவே தயாராக நிற்கிறான். டில்லிபாபுவுக்கு இதில் இரண்டு அடையாளம் கொடுத்தால் போதும், மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். பின்நவீனத்துவ எழுத்தாளருக்கு இது தொந்தரவல்ல, மூலப்பொருள். வாசகரை நிரப்ப விடுங்கள், பிறகு நிரப்பியது யார் என்று கேளுங்கள்.

எளிதாகத் தவறும் இடமும் இதுதான். ரவுடி ரகசியமாகக் கவிதை எழுதுகிறான், கத்திக்குப் பக்கத்தில் தத்துவப் புத்தகம் இருக்கிறது என்று திருப்பிப் போடுவார்கள். அது இன்னொரு ரெடிமேட், அவ்வளவுதான். இதைவிட நல்ல வழி, அந்த ஆள் தயாராகும் இடத்தையே காட்சியாக்குவது. காசிமேட்டுக்கு ஒரு படப்பிடிப்புக் குழு வருகிறது. ஐஸ் கடைக்குப் பின்னால் நிற்க ஆள் வேண்டும் என்று டில்லிபாபுவை அழைக்கிறார்கள். அவன் பேசுவது 'லோக்கலாக இல்லை' என்று உதவி இயக்குநர் சொல்கிறார். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அவனுக்கு 'இன்னா நைனா' சொல்லிக்கொடுக்கிறார். அவன் ஐந்தாவது டேக்கில் சரியாகச் சொல்கிறான். 250 சொல்லுக்கு மேல் இந்தக் காட்சி வேண்டாம், கேலியும் வேண்டாம். அடுத்த நாள் வீட்டில் மகளிடம் அவன் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது ஒரே வரியில் வந்தால் போதும்.

பேச்சுமொழி பற்றி ஒரு குறிப்பு. 'வந்துகினு', 'கீது', 'வூட்டாண்ட', 'ஒரு தபா' போல ஆறேழு அம்சங்களை எடுத்துக்கொண்டு கடைசிவரை அவற்றில் நில்லுங்கள். ஒவ்வொரு சொல்லையும் வளைத்து எழுதினால் ஆள் கேலிச்சித்திரமாகிவிடுவான், வாசிக்கவும் முடியாது. தவிர, வடசென்னை பாஷை என்று ஒன்றே ஒன்று கிடையாது. காசிமேட்டு மீனவர் பேச்சு வேறு. வண்ணாரப்பேட்டையில் தெலுங்கு வீடுகளின் தமிழ் வேறு. சௌகார்பேட்டைக் கடைக்காரரின் தமிழ் வேறு. பெரம்பூர் ரயில்வே குடும்பங்களில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியரின் தமிழ் முற்றிலும் வேறு. ஒரே ஆள் மூன்று இடத்தில் மூன்று விதமாகப் பேசினால் அதுவே பாத்திரத்தின் ஒருமையைச் சோதிக்கும் நேர்மையான வழி, யதார்த்தமும்கூட.

முதல் விரிசல்

விரிசல் 1000த்துக்கும் 1200க்கும் இடையே விழட்டும். சின்னதாக இருக்க வேண்டும். தேதி நல்ல இடம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். டில்லிபாபு மே 10ஆம் தேதி விசைப்படகுக்கு ஐஸ் ஏற்றினான் என்று எழுதினால் காசிமேட்டில் இருக்கும் எவரும் அந்த வரியில் நின்றுவிடுவார். ஆனால் என்ன நினைத்து நிற்பார்? பெரும்பாலும் 'எழுதினவருக்குத் துறைமுகம் தெரியாது' என்றுதான். வேண்டுமென்றே செய்த பிழை வேண்டுமென்றே செய்ததாகத் தெரியாவிட்டால் அது பிழை மட்டுமே. சல்மான் ருஷ்டி 1981 நாவலான 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்'இல் கதைசொல்லியை வைத்துக் காந்தி கொல்லப்பட்ட தேதியைத் தவறாகச் சொல்லவைக்கிறார். பிறகு அந்தக் கதைசொல்லியே தவறை ஒப்புக்கொள்கிறான், ஆனால் திருத்த மறுக்கிறான். தவறு இங்கே ஆளின் ஒரு பகுதியாகிவிடுகிறது. நீங்கள் டில்லிபாபுவின் கூட்டாளியைப் பேசவைக்கலாம்: "மே மாசத்துல ஏதுப்பா லாஞ்சு? எல்லாம் கட்டித்தான கீது?" அதற்குப் பதில் வராமல் பேச்சு வேறுபக்கம் போகட்டும். சரிபார்க்கும் ஆள் கதைக்குள் ஒருவர் இருந்தால் வாசகர் உங்கள் பக்கம் இருப்பார்.

எதிர்த்திசையிலும் போகலாம். கற்பனை ஆளை நிஜக் காலண்டரில் ஆணி அடித்து மாட்டுவது. 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலின் முதல் வாக்கியத்திலேயே சுந்தர ராமசாமி இதைச் செய்துவிட்டார். ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள், 1960 ஜனவரி 5, ஜோசஃப் ஜேம்ஸ் இறக்கிறான். காம்யுவின் சாவு உண்மை, பக்கத்தில் ஒட்டியிருப்பதால் ஜே.ஜே.யும் இருந்தவனாகிவிடுகிறான். வடசென்னையில் இப்படி ஒரு ஆணி: 2017 ஜனவரி 28, எண்ணூர் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. கரையில் ஆட்கள் வாளிகளால் அள்ளினார்கள். கறுப்பு அப்பிய கைகளோடு நிற்கும் கூட்டப் படம் ஒன்றைக் கதைக்குள் கொண்டுவந்து, அதில் இருப்பது தான்தான் என்று டில்லிபாபுவைச் சொல்லவிடுங்கள். கறுப்புக்கு அடியில் அது யாராகவும் இருக்கலாம். நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

எழுத்தாளர் உள்ளே வரும்போது

மிக அதிகமாகக் கெடுக்கப்படும் உத்தி இது. ஜான் ஃபவுல்ஸின் 1969 நாவலான 'தி ஃப்ரெஞ்ச் லெஃப்டினன்ட்ஸ் வுமன்'இல் 12ஆவது அத்தியாயம் அந்தப் பெண் யார் என்ற கேள்வியோடு முடிகிறது. 13ஆவது, தெரியாது என்ற பதிலோடு தொடங்கி, இவர்கள் எல்லோரும் என் கற்பனை என்று சொல்கிறது. பன்னிரண்டு அத்தியாயம் அவர் பொறுமையாக விக்டோரிய நாவல் எழுதியிருக்கிறார். நம்மவர்கள் பன்னிரண்டு வரி பொறுப்பதில்லை. 3000 சொல் கதையில் எழுத்தாளர் 1800க்கு முன் தலைகாட்ட வேண்டாம். இரண்டு முறைக்கு மேலும் வேண்டாம். மொத்தம் 300 சொல் போதும்.

வந்தால் ஏதாவது இழக்க வேண்டும். 1914இல் வெளியான மிகெல் தே உனாமுனோவின் 'நியப்லா'வில் நாயகன் அகுஸ்தோ, தற்கொலை செய்யும் முன் எழுத்தாளரைப் பார்க்கச் சலமான்காவுக்குப் போகிறான். நீ இல்லாதவன், தற்கொலை உன்னால் முடியாது என்கிறார் உனாமுனோ. நீங்களும் சாகப்போகிறவர்தானே என்று அவன் திருப்பிக்கொடுக்கிறான். ஃப்ளான் ஓ'பிரையனின் 1939 நாவலில் பாத்திரங்கள் தங்களை எழுதுகிறவரை மருந்து கொடுத்துத் தூங்கவைத்துவிட்டுத் தங்கள் பாட்டைப் பார்க்கிறார்கள். இரண்டிலும் எழுத்தாளர் உயரமான நாற்காலியில் இல்லை.

காசிமேட்டில் இந்தச் சந்திப்புக்கு இன்னொரு கனம் சேர்கிறது. எழுதுகிறவர் பெரும்பாலும் கூவம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவராக இருப்பார். "இன்னா சார், என்ன வச்சி கத எய்தறீங்களாமே? எவ்ளோ தருவாங்கோ?" என்று டில்லிபாபு கேட்டால் அது வெறும் வித்தையல்ல. யார் யாரை எழுதுகிறார்கள், காசு எங்கே போகிறது என்ற கேள்வி. குறைந்தது ஒரு விஷயத்திலாவது எழுத்தாளரைவிட அவனுக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டும். அதை அவன் சொல்லாமலும் போக வேண்டும்.

உத்தியே தெரியாமல் செய்ய விரும்பினால் புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையைப் பாருங்கள். பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் டிராமில் போவதா, நடப்பதா என்று காலணாக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் கந்தசாமிப் பிள்ளைமுன் கடவுள் வந்து நிற்கிறார். பிள்ளை அவரைத் தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தாதாரராக்கப் பார்க்கிறார். கதைசொல்லியின் குரல் ஓரிடத்திலும் ஆச்சரியப்படுவதில்லை. இருக்கவே முடியாத ஒரு பாத்திரம் உள்ளே வர அந்த ஆச்சரியமின்மைதான் கதவு.

கிளை பிரிக்கும் கதையும் உண்டு. ராபர்ட் கூவரின் 'தி பேபிசிட்டர்' நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகளில் ஒரே இரவை ஒன்றுக்கொன்று ஒவ்வாத நிகழ்வுகளாகச் சொல்கிறது. சிறிய கதையில் மூன்று கிளைக்கு மேல் போகாதீர்கள். எல்லாக் கிளையிலும் ஒரு பொருள் பொதுவாக இருக்கட்டும். நம் கதையில் ஐஸ் உடைக்கும் கட்டை.

யாரைக் கலைக்கிறோம்?

இதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. வடசென்னைக் குடிசைப் பகுதிகளிலிருந்து நகரின் தென்பக்கம் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்கள் உண்டு. 'இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை' என்பது அவர்களுக்குக் கோட்பாடு அல்ல, அரசு அலுவலக ஜன்னலுக்குப் பின்னாலிருந்து வரும் பதில். அதே வாக்கியத்தைக் கதைசொல்லியும் சொன்னால் அவர் அலுவலகத்தின் பக்கம் நிற்கிறார் என்றாகிவிடும். சந்தேகத்தைக் காகிதத்தின் மேல் போடுங்கள். பசி, கை வெடிப்பு, மகளின் பள்ளிக் கட்டணம் இவற்றின் மேல் போடாதீர்கள். ஆவணம் நான்கும் பொய்யாகலாம், ஐஸ் கனக்க வேண்டும். இந்த எல்லையை மீறி எழுதப்பட்ட கதைகள் புத்திசாலித்தனமாக இருக்கின்றன, ஆனால் இரண்டாம் முறை படிக்க முடிவதில்லை.

முடித்த பிறகு

வரைவில் 'பிரதி', 'கட்டமைப்பு', 'மையமின்மை' போன்ற சொற்கள் கதைசொல்லியின் வாயில் வந்திருந்தால் வெட்டுங்கள். அடிக்குறிப்புகள் இருந்தால், ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு வாசியுங்கள். கதை மாறாவிட்டால் அது அலங்காரம். பிறகு பெயரை மட்டும் மாற்றிப் பாருங்கள். டில்லிபாபு இருந்த இடமெல்லாம் வேறு பெயர் போட்டும் எதுவும் கெடவில்லை என்றால், ஆள் நிற்கவேயில்லை. முதல் ஆயிரம் சொல்லுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

பத்திரிகைக்கு அனுப்பும்போது தனித்தாளில் வேண்டுமென்றே வைத்த முரண்களை எழுதி இணையுங்கள்: எந்தப் பக்கத்தில் தில்லிபாபு, எந்தப் பக்கத்தில் டெல்லி பாபு, மே 10 ஏன் மே 10ஆகவே இருக்க வேண்டும், கானாவின் எந்த அடி எங்கே திரும்ப வருகிறது. அந்தத் தாள் இல்லாவிட்டால் நல்ல மெய்ப்புத் திருத்துநர் பெயரை ஒரே மாதிரி ஆக்கிவிடுவார், தேதியைத் தடைக்காலத்துக்கு வெளியே தள்ளிவிடுவார், இரண்டாம் முறை வரும் அடியை அச்சுப்பிழை என்று நீக்கிவிடுவார். அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்திருப்பார். அச்சில் வந்தபின் உங்களிடம் இருப்பது காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் ஒருவரைப் பற்றிய சுமாரான யதார்த்தக் கதை.